பூனையின் குருதிநோயும் மனிதரின் கடமையும்

நோய்களுக்கும் வரலாறு உண்டு. ஒரு நோய் எப்பொழுது அறியப்பட்டது, யார் அதனை அறிந்தார், என்ன மருந்து கண்டார் என்பன அவ்வரலாற்றின் ஒரு பகுதியாகும். நோயுற்ற உயிரை அக்காலத்து மனிதர் எவ்வாறு நடத்தினர் என்பது அதன் மறுபகுதியாகும். முன்னையதை மருத்துவ நூல்கள் விரித்துரைக்கும். பின்னையதோ பெரும்பாலும் எழுதப்படாமலே மறைந்துவிடும். பூனைகளைப் பற்றும் வெண்குருதி நோயின் வரலாற்றிலே இவ்விரு பகுதிகளும் ஒன்றோடொன்று பின்னிக் கிடக்கின்றன. அதனை நோக்குமிடத்து, பூனையைப் பற்றி மட்டுமன்றி மனிதரைப் பற்றியும் சில உண்மைகள் புலனாகும்.

பூனை மனிதரோடு வாழத் தொடங்கியது மிகப் பழைய காலத்திலேயாம். சைப்பிரஸ் தீவில் ஏறத்தாழ 9,500 ஆண்டுகளுக்கு முற்பட்ட புதைகுழி ஒன்றில், மனித எலும்புக்கூட்டின் அருகே பூனையொன்றின் எலும்புக்கூடும் கண்டெடுக்கப்பட்டது. தானியக் களஞ்சியங்களை நாடி எலிகள் வந்தன. எலிகளை நாடிப் பூனைகள் வந்தன. வந்த பூனைகள் மனைகளிலே தங்கிவிட்டன என்று அறிஞர் கூறுவர். ஆயின், எலிக்கும் பூனைக்கும் இடையே அதனினும் பழைய தொடர்பொன்றும் இருந்தது. பூனையின் மூதாதையர் மனிதரை அண்டுவதற்கு நெடுங்காலம் முன்னரே, எலியினத்தைச் சேர்ந்த பிராணிகளிடமிருந்து ஒரு வைரசு பூனையினத்துக்குத் தாவியது என ஆராய்ச்சியாளர் கருதுகின்றனர். அதன் தடயங்கள் வீட்டுப் பூனைகளின் பரம்பரைக் கூறுகளிலே இன்றும் எழுதப்பட்டுள்ளன. இரையாக வந்தது நோயையும் உடன் கொண்டுவந்தது போலும்.

இத்துணைப் பழமை வாய்ந்த நோயாயினும், அதன் காரணம் இருபதாம் நூற்றாண்டின் நடுப்பகுதி வரை அறியப்படவில்லை. ஒரு வீட்டிலே பூனையொன்று மெலியும். அதன் ஈறுகள் வெளிறும். கழுத்திலோ வயிற்றிலோ கட்டிகள் தோன்றும். சில மாதங்களில் அது இறந்துபோகும். பின்னர் அதே வீட்டில் மற்றொரு பூனைக்கும் அவ்வாறே நேரும். வீட்டார் அதனைத் தீவினை என்பர். மிருக வைத்தியர் நிணநீர்க் கணுக்களில் உண்டாகும் புற்றுநோய் என்பர். புற்றுநோய் தொற்றாது என்பதே அக்காலத்து மருத்துவ உலகின் உறுதியான நம்பிக்கையாக இருந்தமையால், அடுத்தடுத்து நிகழ்ந்த அம்மரணங்களுக்குத் தொடர்பு தேட முயன்றோர் மிகச் சிலரே.

அந்நம்பிக்கைக்கு மாறான சான்றுகள் முன்னரே தோன்றாமலில்லை. 1908ஆம் ஆண்டில் கோப்பன்ஹேகன் நகரைச் சேர்ந்த எல்லர்மன், பாங் என்னும் இருவர், கோழிகளின் வெண்குருதி நோயை ஒரு கோழியிலிருந்து மற்றொன்றுக்குக் கடத்தலாம் எனக் காட்டினர். பக்டீரியாக்களைத் தடுக்கும் நுண்வடிகளின் ஊடாகச் சென்ற திரவமே அந்நோயை உண்டாக்கியது. 1911இல் நியூயோர்க்கில் பெய்ற்றன் ரௌஸ் கோழியின் தசைக்கட்டி ஒன்றைப் பற்றி இதனையொத்த முடிவை வெளியிட்டார். கோழிக்குப் பொருந்துவது முலையூட்டிகளுக்குப் பொருந்துமா என்று கேட்டு உலகம் அதனை ஒதுக்கி வைத்தது. ரௌஸ் அவர்களுக்கு நோபல் பரிசு கிடைத்தது 1966இலேயே. ஐம்பத்தைந்து ஆண்டுகள் காத்திருந்து பெற்ற பரிசு அது. 1951இல் லட்விக் குரொஸ் என்பார் எலிகளிலும் வெண்குருதி நோய் வைரசினால் உண்டாகலாம் எனக் காட்டினார். எனினும், அவை ஆய்வுகூடத்திலே தலைமுறை தலைமுறையாக உட்கலப்பினால் வளர்க்கப்பட்ட எலிகள். மனைகளிலே இயல்பாக வாழும் முலையூட்டி ஒன்றில் இது நிகழுமா என்னும் வினா விடையின்றியே நின்றது.

அவ்வினாவுக்கு விடை ஸ்கொட்லாந்து நாட்டின் கிளாஸ்கோ நகரிலிருந்து வந்தது. அங்குள்ள பல்கலைக்கழகத்தின் மிருக வைத்தியப் பகுதியில் வில்லியம் ஜரெட் என்னும் நோயியல் அறிஞர் பணியாற்றினார். 1928இல் பிறந்த அவர், பூனைகளை ஆராயப் புகுமுன்பே புகழ் பெற்றவர். கன்றுகளின் நுரையீரலைத் தாக்கும் புழுக்களின் குடம்பிகளைக் கதிர்வீச்சினால் வலுவிழக்கச் செய்து, அவற்றையே தடைமருந்தாகப் பயன்படுத்தும் முறையைக் கண்ட குழுவில் அவரும் ஒருவர். அத்தகையவரிடம் மிருக வைத்தியர் ஒருவர் ஒரு செய்தியைக் கொணர்ந்தார். ஒரே வீட்டில் வளர்ந்த பூனைகள் பல, ஒன்றன்பின் ஒன்றாக நிணநீர்ப் புற்றுநோயினால் இறந்தன என்பதே அச்செய்தி.

இறந்த பூனைகளின் தொகையை மட்டும் குறித்துக்கொண்டு அவர் அமைந்துவிடவில்லை. ஒரு வீட்டில் இத்தனை மரணம் தற்செயலாக நிகழுமா என வினவினார். நோயுற்ற பூனையின் கட்டியிலிருந்து எடுத்த பொருளைப் பூனைக்குட்டிகளுக்குச் செலுத்தி, நோய் கடத்தப்படுவதை அவரும் அவருடைய துணைவர்களும் கண்டனர். இலத்திரன் நுணுக்குக்காட்டியின் துணைகொண்டு நோக்கியபோது, உயிர்க்கலங்களின் விளிம்பிலிருந்து மொட்டுப் போல அரும்பி வெளிவரும் சிறு துணிக்கைகள் தென்பட்டன. எலிகளின் வெண்குருதி நோயில் காணப்பட்ட வைரசுத் துணிக்கைகளை அவை பெரிதும் ஒத்திருந்தன. 1964ஆம் ஆண்டில் இம்முடிவுகள் 'நேச்சர்' என்னும் விஞ்ஞான இதழில் வெளியாயின. பூனையின் வெண்குருதி வைரசு உலகுக்கு அறிமுகமாகியது அவ்வாண்டிலேயாகும்.

இங்கே பெயர் பற்றி ஒரு குறிப்புக் கூறுதல் பொருந்தும். வெண்குருதி நோய் என்று பெயர் பெற்றிருப்பினும், இவ்வைரசு விளைக்கும் கேடு அந்நோயோடு நிற்பதில்லை. அது என்பு மச்சையிலே புகுந்து, செங்குருதிக் கலங்களின் உற்பத்தியைக் குன்றச் செய்து, குருதிச்சோகையை உண்டாக்கும். நிணநீர்க் கணுக்களிலும் குடலிலும் நெஞ்சறையிலும் கட்டிகளைத் தோற்றுவிக்கும். யாவற்றினும் மேலாக, உடலின் எதிர்ப்புச் சக்தியை அழித்து, சாதாரண நோய்க்கிருமிகளுக்கும் பூனையை இரையாக்கும். வாய்ப்புண்ணினாலோ சளியினாலோ இறந்ததாகக் கருதப்பட்ட பூனைகள் பலவற்றின் மரணத்துக்கு உள்ளே இருந்த காரணம் இவ்வைரசே என்பது பின்னரே தெளிவாயிற்று.

நோயின் காரணம் தெரிந்தவுடன் அச்சமும் பிறந்தது. வில்லியம் ஜரெட்டின் இளைய சகோதரரான ஒஸ்வால்ட் ஜரெட் என்னும் வைரசு அறிஞரும் அவருடைய துணைவர்களும், ஆய்வுகூடத்தில் வளர்த்த மனித உயிர்க்கலங்களிலும் இவ்வைரசு பெருகக்கூடும் என்று 1969இல் அறிவித்தனர். இச்செய்தி பெரும் கலக்கத்தை உண்டாக்கியது. குழந்தைகளுக்கு வரும் வெண்குருதி நோய் வீட்டுப் பூனையிடமிருந்து வருவதாக இருக்குமோ? மடியிலே துயிலும் பூனை மரணத்தின் தூதுவனோ? இவ்வையங்களைத் தீர்க்கும் பொருட்டுப் பூனை வளர்ப்போரும் மிருக வைத்தியரும் பலமுறை ஆராயப்பட்டனர். பூனையின் வெண்குருதி வைரசு மனிதருக்கு நோயை உண்டாக்கியமைக்கு எவ்விதச் சான்றும் கிடைக்கவில்லை. ஆயினும், சான்று கிடைக்கவில்லை என்னும் சொல், ஆபத்து உண்டு என்னும் சொல்லைப்போல விரைந்து பரவுவதில்லை. அச்சம் நெடுநாள் நீடித்தது.

அச்சூழலிலேதான் 1973ஆம் ஆண்டு வந்தது. நியூயோர்க் நகரின் ஸ்லோன் கெற்றரிங் புற்றுநோய் ஆராய்ச்சி நிலையத்தைச் சேர்ந்த வில்லியம் ஹார்டி என்னும் மிருக வைத்திய அறிஞரும் அவருடைய துணைவர்களும் இரண்டு பெரும் பணிகளைச் செய்தனர். கண்ணாடித் தகட்டில் தடவிய சிறிதளவு குருதியிலேயே வைரசு உண்டா இல்லையா என ஒளிரும் சாயத்தினால் கண்டறியும் சோதனையை நடைமுறைக்குக் கொண்டுவந்தமை ஒன்று. அச்சோதனையின் துணைகொண்டு, இந்நோய் தாயிடமிருந்து குட்டிக்கு மட்டும் செல்வதன்று, உடன் வாழும் ஒரு பூனையிலிருந்து மற்றொன்றுக்கும் தொற்றும் என நிறுவியமை மற்றொன்று. அடுத்தடுத்த மரணங்களுக்குத் தீவினையே காரணம் என்று எண்ணிய வீட்டாருக்கு உண்மைக் காரணம் இவ்வாறு விளங்கலாயிற்று.

சோதனை கிடைத்தவுடன் ஒரு விதியும் பிறந்தது. 'சோதித்தலும் அகற்றுதலும்' என்பது அவ்விதியின் பெயர். பல பூனைகள் வாழும் வீட்டில் எல்லாவற்றின் குருதியையும் சோதிக்க வேண்டும். வைரசு உள்ளவற்றை அகற்ற வேண்டும். எஞ்சியவற்றை மீண்டும் மீண்டும் சோதித்து, வீடு தூய்மையாகும் வரை இதனைத் தொடர வேண்டும். இம்முறையினால் நோயின் பரவல் தடைப்பட்டது என்பதை 1976இல் ஹார்டி குழுவினர் வெளியிட்ட ஆய்வு காட்டிற்று. தடுப்பூசி இல்லாத அக்காலத்தில், நலமுள்ள பூனைகளைக் காக்க வேறு வழி அவர்களுக்குப் புலப்படவில்லை. பூனைகளை வெறுத்தோர் வகுத்த விதியன்று அது. பூனைகளைக் காக்க முயன்றோரே அதனை வகுத்தனர். இதனை மறந்து அவர்களைப் பழித்தல் நீதியாகாது.

எனினும், 'அகற்றுதல்' என்னும் சொல்லைச் சற்று நின்று நோக்குதல் வேண்டும். அகற்றப்பட்ட பூனை எங்கே செல்லும்? வைரசு உள்ளது என்று தெரிந்த பூனையை ஏற்பார் யார்? நடைமுறையில் அச்சொல் பெரும்பாலும் ஊசியினால் உயிரை முடித்தலையே குறித்தது. அகற்றப்பட்டவற்றுள், அன்றுவரை உண்டு விளையாடி உறங்கி எந்நோயும் தோன்றாது வாழ்ந்தவை பலவாம். குருதித்துளி ஒன்று சாயத்தில் ஒளிர்ந்தது, அவ்வளவே குற்றம். அவற்றை வளர்த்தவர்கள் மற்றப் பூனைகளின் நன்மை கருதியும், தம் குழந்தைகளைப் பற்றிய அச்சத்தாலும் தலையசைத்தனர். எத்தனை வீடுகளில் எத்தனை பேர் அன்று வெறுங்கூடையோடு திரும்பினர் என்பதை எந்த ஆய்வேடும் எண்ணி வைக்கவில்லை.

அக்காலத்துப் புள்ளிவிவரமும் நம்பிக்கை தருவதாக இல்லை. வைரசு கண்டறியப்பட்ட வேளையில் நலமாகத் தோன்றிய பூனைகளுள்ளும் 100க்கு 83 மூன்றரை ஆண்டுகளுக்குள் இறந்தன என 1980இல் வெளியான ஆய்வொன்று கூறியது. அவ்வெண் பின்னர்ப் பல்லாண்டுகள் எடுத்துரைக்கப்பட்டது. ஆயின், அப்பூனைகள் பல ஒருங்கே நெருங்கி வாழ்ந்த, வைரசு இடையறாது சுழன்ற வீடுகளில் இருந்தவை. அவ்வீடுகளின் நிலையை எல்லாப் பூனைகளுக்கும் பொதுவாகக் கொள்வது பொருந்துமா என்னும் வினா மெல்ல மெல்லவே எழுந்தது.

இதற்கிடையில் அறிவு வேறு திசைகளிலும் வளர்ந்துகொண்டிருந்தது. 1977இல் டொனல்ட் பிரான்சிஸ், மாக்ஸ் எசெக்ஸ், ஹார்டி ஆகிய மூவரும் நோயுற்ற பூனையின் உமிழ்நீரிலே வைரசு மிகுதியாக உண்டு என வெளியிட்டனர். பூனைகள் ஒன்றையொன்று நக்கித் தூய்மை செய்யும் வழக்கமுடையவை. ஒரே பாத்திரத்தில் உண்பவை. தாய் தன் குட்டியை நாவினால் துடைப்பது. அவ்வன்புச் செயல்களே நோய் செல்லும் வழிகளாயின. தாய்ப்பாலும் அவ்வாறே ஒரு வழி. கடித்துச் சண்டையிடும்போதும் அது தொற்றும். இவ்வாறு உடலோடு உடல் நெருங்குங்கால் வலிமை மிக்க இவ்வைரசு, உடலுக்கு வெளியே மிகவும் வலிமை குன்றியது. உலர்ந்த இடத்தில் அது நெடுநேரம் தங்காது; சாதாரண சவர்க்காரமும் கிருமிநாசினியும் அதனை அழித்துவிடும்.

இக்கண்டுபிடிப்பில் அடங்கியிருந்த பொருள் பெரிது. நோயுற்ற பூனையையும் நலமுள்ள பூனையையும் பிரிப்பதற்கு மரணம் வேண்டியதில்லை. சாத்திய கதவொன்று போதும். தனி அறை, தனிப் பாத்திரம், தனி மணற்றட்டு, கை கழுவும் வழக்கம் ஆகிய நான்கும் இருப்பின் ஒரே கூரையின் கீழ் இரு வகைப் பூனைகளும் வாழலாம். உண்மை கையில் இருந்தும் அதனை நடைமுறையாக ஏற்க மனிதருக்கு மேலும் பல ஆண்டுகள் சென்றன.

மற்றோர் உண்மையும் வெளிப்பட்டது. அது மனத்தை உறுத்துவது. வைரசை எதிர்கொண்ட பூனைகள் யாவும் ஒரே கதியை அடைவதில்லை. சிலவற்றின் உடல் வைரசை முற்றாக வென்று வெளியேற்றிவிடும். வேறு சிலவற்றில் குருதியிலே வைரசு சில வாரங்கள் தோன்றிப் பின்னர் அடங்கிவிடும். அடங்கிய வைரசு என்பு மச்சையில் ஒளிந்திருக்கக்கூடும் என 1982இல் வெளியான ஆய்வுகள் காட்டின. எஞ்சியவற்றிலேயே அது இடையறாது பெருகி நோயாக முற்றும். குட்டிகள் எளிதில் இரையாகும். வயது ஏற ஏற எதிர்க்கும் ஆற்றல் மிகும். ஆகவே, ஒரு முறை செய்த சோதனை இறுதி முடிவாகாது. சில வாரங்கள் பொறுத்து மீண்டும் சோதிக்க வேண்டும். அவ்வாறாயின், முதற் சோதனையோடு உயிர் முடிக்கப்பட்ட பூனைகளுள், பொறுத்திருந்தால் நோயை வென்றிருக்கக்கூடியவையும் இருந்தன என்பது பெறப்படும். அறிவு வருமுன் அவசரம் வந்துவிட்டதன் விலை அது.

இவ்வாறு பூனைகளை ஆராய்ந்தவர்கள் எதிர்பாராத வேளையில் மனிதகுலத்துக்கு ஒரு பேருதவி புரிந்தனர். 1981ஆம் ஆண்டில் அமெரிக்காவில் இளைஞர் சிலர் எதிர்ப்புச் சக்தியை இழந்து, சாதாரணமாக எவரையும் கொல்லாத கிருமிகளால் இறக்கத் தொடங்கினர். காரணம் தெரியாது மருத்துவ உலகம் திகைத்தது. பூனையின் வெண்குருதி வைரசை ஹாவர்ட் பல்கலைக்கழகத்தில் ஆராய்ந்த டொனல்ட் பிரான்சிஸ், அப்பொழுது அமெரிக்க அரசின் நோய்த் தடுப்பு நிலையத்தில் பணியாற்றினார். பூனைகளின் எதிர்ப்புச் சக்தியை ஒரு வைரசு அழிப்பதைத் தம் கண்ணாற் கண்டவர் அவர். மனிதரிலும் அதே குடும்பத்தைச் சேர்ந்த வைரசொன்று இதனைச் செய்யலாம் என அவரும் அவருடைய ஆசிரியரான எசெக்ஸும் தொடக்கத்திலேயே ஐயுற்றனர். 1983இல் பாரிஸ் நகரின் பாஸ்டர் நிலையத்தார் அவ்வைரசைக் கண்டனர். எயிட்ஸ் என்னும் அந்நோயின் காரணத்தைத் தேடிய வழியில், மிருக வைத்தியசாலைகளில் இறந்த பூனைகள் ஏற்றிய விளக்கின் ஒளியும் இருந்தது.

பூனைகளுக்கும் அத்தகைய வேறொரு வைரசு உண்டு என்பது 1986இல் தெரியவந்தது. கலிபோர்னியாவின் பெற்றலூமா என்னும் ஊரில் பல பூனைகள் வாழ்ந்த இடமொன்றில், வெண்குருதி வைரசு இல்லாதிருந்தும் எதிர்ப்புச் சக்தி இழந்து நோயுற்ற பூனைகளை நீல்ஸ் பெடர்சன், ஜனற் யமமோட்டோ ஆகியோர் ஆராய்ந்து அதனைக் கண்டனர். அது பெரும்பாலும் கடியினால் பரவுவது. இரண்டையும் ஒன்றெனக் கொண்டு குழம்புவோர் உளர், அவை வெவ்வேறானவை.

1985ஆம் ஆண்டில் வெண்குருதி வைரசுக்கு எதிரான முதலாவது தடுப்பூசி அமெரிக்காவில் அனுமதி பெற்றது. நோய் வருமுன் காப்பதே அதன் பணி. வந்துவிட்ட நோயை அது தீர்க்காது. பின்னர் வேறு தடுப்பூசிகளும் வந்தன. எல்லா நன்மையும் ஒரு விலையோடு வருவது போல, 1991இல் ஒரு செய்தி வந்தது. ஊசி ஏற்றிய இடத்தில் மிகச் சில பூனைகளுக்குத் தசைக்கட்டி தோன்றுவதாகப் பென்சில்வேனியாவின் நோயியல் அறிஞர் அறிவித்தனர். அதன் பயனாகத் தடுப்பூசிகள் திருத்தப்பட்டன. தோள்களுக்கிடையே ஏற்றும் வழக்கம் மாறி, காலின் கீழ்ப்பகுதியில் ஏற்றும் வழக்கம் வந்தது. கட்டி தோன்றினும் அகற்றிச் சிகிச்சை செய்ய அவ்விடமே ஏற்றது என்பது கருத்து. சோதனையும் தடுப்பூசியும் சேர்ந்து நோயைக் குறைத்தன. வட அமெரிக்காவில் 2017இல் வெளியான ஆய்வொன்றில், சோதிக்கப்பட்ட 62,301 பூனைகளுள் 100க்கு ஏறத்தாழ 3 மட்டுமே இவ்வைரசைக் கொண்டிருந்தன.

நோய் குறைந்த பின்னரும் நோயுற்ற உயிர்கள் இருக்கவே செய்யும். அவற்றை என் செய்வது? இவ்விடத்தில் வள்ளுவரை நினைவுகூர்தல் தகும். மருந்து என்னும் அதிகாரத்தை முடிக்கும் குறளிலே அவர் மருத்துவத்தை நான்கு கூறுகளாக வகுத்தார். நோயாளி ஒருவர், வைத்தியர் ஒருவர், மருந்து ஒன்று, அருகிருந்து பணி செய்வோர் ஒருவர் என்பன அவை. பூனையின் வெண்குருதி வைரசை உடலினின்றும் முற்றாக நீக்கும் மருந்து இன்றளவும் கண்டுபிடிக்கப்படவில்லை. மூன்றாவது கூறு குறைபட்ட இடத்தில் நான்காவது கூறே பெருஞ்சுமையைத் தாங்க வேண்டியுள்ளது.

அப்பணி எத்தகையது? முதலாவதாக, பூனையை வீட்டினுள்ளேயே வைத்துக் காத்தல் வேண்டும். வெளியே உலவுமாயின் பிற பூனைகளுக்கு நோயைக் கொடுக்கும். பிற நோய்களைத் தானும் வாங்கும். கருத்தடைச் சத்திரசிகிச்சை செய்வித்தால் வெளியே ஓடும் வேட்கையும் சண்டையும் குறையும். நோயுள்ள குட்டிகள் பிறவா. இரண்டாவதாக, உணவிலே கவனம் வேண்டும். பச்சை இறைச்சியும் பச்சை முட்டையும் எதிர்ப்புச் சக்தி குன்றிய உடலுக்குக் கேடு விளைக்கும் கிருமிகளைக் கொண்டிருக்கலாம். ஆதலின் வேகவைத்த, சத்துள்ள உணவையே கொடுத்தல் நன்று. மூன்றாவதாக, ஆறு மாதத்துக்கு ஒரு முறையேனும் மிருக வைத்தியரிடம் கொண்டுசென்று, நிறையையும் குருதியையும் பார்த்தல் வேண்டும்.

இவற்றினும் முதன்மையானது நாள்தோறும் செய்யும் நோக்குதலாகும். பூனை தன் நோயை மறைக்கும் இயல்புடையது. துன்பத்தை வாய்விட்டுச் சொல்லாது, மூலையொன்றில் ஒதுங்கிவிடும். எனவே, அது உண்ணும் அளவையும், ஈறுகளின் நிறத்தையும், மூச்சின் வேகத்தையும், உரோமத்தின் பளபளப்பையும் நாள்தோறும் காண்பவரே முதலில் நோயை அறிவர். ஈறு வெளிறினால் அது குருதிச்சோகையின் அறிகுறியாகலாம். வாயில் புண் தோன்றினால் உணவை மணந்துவிட்டு உண்ணாது திரும்பும். கழுத்தடியிலோ முழங்காலின் பின்னோ கணுக்கள் தடித்தால் காலந்தாழ்த்தலாகாது. நலமுள்ள பூனைக்கு இரண்டு நாள் பொறுத்திருக்கக்கூடிய காய்ச்சல், இப்பூனைக்கு உடனே பார்க்க வேண்டிய காய்ச்சலாகும். வைரசை ஒழிக்க மருந்தில்லை எனினும், அதனால் வரும் நோய்கள் பலவற்றுக்கு மருந்துண்டு. மிக மெலிந்த பூனைக்குக் குருதி ஏற்றுவதும் உண்டு. மனிதரின் எயிட்ஸ் நோய்க்குப் பயன்பட்ட அசிடோதைமிடின் என்னும் மருந்தைச் சில பூனைகளுக்குக் கொடுப்பர், பயன் அளவானதே. அம்மருந்தை ஜெரோம் ஹோர்விற்ஸ் என்னும் அமெரிக்கர் முதன்முதல் ஆக்கியதும், ஜரெட் பூனையின் வைரசைக் கண்ட அதே 1964ஆம் ஆண்டிலேயாகும்.

இவ்வாறு பேணப்பட்ட பூனைகள் எத்துணைக் காலம் வாழும்? சில, நோய் முற்றி ஓரிரு ஆண்டுகளில் இறந்துவிடும். இதனை மறைத்தல் கூடாது. குருதியில் வைரசின் அளவு குறைந்திருப்பவை பல்லாண்டுகள் நலத்தோடு வாழ்வதுண்டு என்பதை அண்மைக்கால ஆய்வுகள் காட்டியுள்ளன. அமெரிக்காவின் பூனை வைத்தியர் சங்கத்தார் 2020இல் வெளியிட்ட நெறிமுறைகளில், சோதனையின் முடிவு ஒன்றை மட்டுமே காரணமாகக் கொண்டு பூனையின் உயிரை முடித்தலாகாது எனத் தெளிவாக உரைத்தனர். டெக்சஸ் மாநிலத்தின் ஒஸ்ரின் நகரிலே, இவ்வைரசு உள்ள பூனைகளுக்கென்றே வளர்ப்பார் வீடு தேடிக் கொடுக்கும் திட்டமும் தோன்றியது. நோய் உள்ளது என்று முன்னரே அறிந்து, இப்பூனை நெடுநாள் வாழாதிருக்கலாம் என்பதையும் உணர்ந்து, அதனைக் கூடையிலிட்டு வீட்டுக்கு எடுத்துச் செல்வோர் அங்கே உளர்.

இதனால், நோயுற்ற பூனையின் உயிரை முடித்தல் எந்நிலையிலும் தகாது என்பதன்று. கட்டி பரவி, உணவு இறங்காது, மூச்சு முட்டும் நிலையில், வேதனையை நீட்டாது அமைதியான முடிவு அளித்தல் அருட்செயலேயாகும். அங்கே முடிவைத் தீர்மானிப்பது பூனையின் துன்பம். முற்காலத்தில் அதனைத் தீர்மானித்தது கண்ணாடித் தகட்டில் ஒளிர்ந்த சாயம். இரண்டுக்கும் இடையேயுள்ள வேறுபாட்டை உணர்வதற்கு மருத்துவ உலகுக்கு ஏறத்தாழ ஒரு தலைமுறைக் காலம் பிடித்தது.

வில்லியம் ஜரெட் 2011இல் காலமானார். அவர் கண்ட வைரசு மாறிவிடவில்லை. அது இன்றும் அதே உமிழ்நீரில், அதே வழியில் செல்கின்றது. குருதிச் சோதனையும் அடிப்படையில் அன்று கேட்ட வினாவையே கேட்கின்றது. விடை தெரிந்த பின் மனிதர் செய்வதே மாறியுள்ளது. அன்று உண்டு என்ற விடையோடு பூனையின் கதை முடிந்தது. இன்று அவ்விடையோடு தனிப் பாத்திரமும் தனி அறையும் அரையாண்டுச் சோதனையும் தொடங்குகின்றன. நோயை அறிந்துகொள்ள ஓர் இலத்திரன் நுணுக்குக்காட்டி வேண்டியிருந்தது. நோயுற்ற உயிரோடு வாழ்வதற்கு வேண்டியவை பெரும்பாலும் எந்த வீட்டிலும் இருப்பவையே: கழுவிய கை, சாத்திய கதவு, சற்றுப் பொறுமை, நாள்தோறும் உற்று நோக்கும் ஒரு சோடிக் கண்கள்.